பங்குனி–சித்திரை: கடலூர், புதுவை பக்கம் தூண்டில் நிலவரம்

#1 விழுப்புரம்_வீச்சு

பங்குனி அமாவாசையை ஒட்டி நாலு பேர் கடலூர்–புதுவை பக்கம் வர்றோம். ரெண்டு நாள். முதல் நாள் தென்பெண்ணை முகத்துவாரமோ சுண்ணாம்பாறோ, ரெண்டாவது நாள் கடற்கரை. கொடுவா மீன்தான் முக்கியம். கிடைக்கலைன்னா கிழங்கான், காலா எதுவானாலும் சரி.

கையில இருக்கறது: 8 அடி மீடியம் ஹெவி ராடு ரெண்டு, 4000 சைஸ் ரீல், 20 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்). 11 அடி சர்ஃப் ராடு ஒண்ணு. லூர் (செயற்கை இரை) கொஞ்சம் இருக்கு, இறால் அங்க வாங்கிப்போம்.

முகத்துவாரம் எல்லாம் இப்ப திறந்திருக்குமா? காலையில இறங்கறதா, சாயங்காலமா? தடைக்காலம் கரையில நிக்கறவங்களுக்கும் உண்டா? கூட வர்ற ஒருத்தர் ஏர்கன் எடுத்துட்டு வரலாமான்னு கேக்கறார், பாகூர் பக்கம் கொக்கு, காடை இருக்குமேன்னு.

#2 நெறியாளர்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இந்த உரையாடல் இழை அந்தப் பக்கம் போகாமல் இருக்கட்டும்.

ஏர்கன் வீட்டிலேயே இருக்கட்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 9 வேட்டையைத் தடை செய்கிறது. காடை, கௌதாரி, கொக்கு, மடையான், முயல் எல்லாமே அதன் பாதுகாப்பில் வருபவை. சுட்டால்தான் குற்றம் என்றில்லை. கண்ணி வைப்பது, பிடிப்பது, பிடிக்க முயல்வது, கூட்டையும் முட்டையையும் கலைப்பது எல்லாம் சட்டத்தின் கணக்கில் வேட்டைதான். 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பொதுவான மீறலுக்கு 3 ஆண்டு வரை சிறை, அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை. பருவத்துக்குப் பருவம் உரிமம் கொடுத்து வேட்டைக்கு விடும் ஏற்பாடு நம் ஊரில் கிடையாது. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பலர் இதைக் கேட்கிறார்கள்.

ஊசுட்டேரி 2008-இல் இருந்து புதுவை அரசு அறிவித்த பறவைகள் சரணாலயம். அங்கே தூண்டிலையும் வெளியே எடுக்காதீர்கள். பாகூர் ஏரிக்குத் தொலைநோக்கியோடு போங்கள். பங்குனி முடிவதற்குள் வலசை வாத்துகளில் பெரும்பகுதி வடக்கே கிளம்பிவிடும்.

#3 தாழங்குடா_தெற்கு

முகத்துவாரத்தைப் பத்திக் கேட்டது சரியான கேள்வி. பங்குனியில எந்த லூர், எந்த முள்ளுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி வாய் திறந்திருக்கா, எவ்வளவு திறந்திருக்குன்னு பாக்கணும். மத்ததெல்லாம் அதுக்குப் பிறகு.

மாசி வரைக்கும் ஆத்துத் தண்ணி கொஞ்சமாவது கடலுக்குத் தள்ளிட்டு இருக்கும். பங்குனி பொறந்தா அது நின்னுடும். அதே நேரத்துல காத்து தென்கிழக்குக்கு மாறி, அலை சாய்வா அடிச்சு மணலை வடக்கே தள்ள ஆரம்பிக்கும். தெற்குக் கரையிலிருந்து மணல் நாக்கு நீளும், வாய் வடக்கே நகர்ந்து நகர்ந்து குறுகும். தென்பெண்ணை, கெடிலம் ரெண்டுக்கும் இதே கதைதான். சில வருஷம் சித்திரைக்குள்ள முழுசா மூடிக்கும். அப்புறம் பொக்லைன் வச்சுத் திறந்தாத்தான் உண்டு.

வாய் திறந்திருந்தா: ஏத்தத்துல உப்புத் தண்ணி உள்ள ஏறும், மடவைக் குஞ்சும் இறாலும் கூடவே போகும், கொடுவா பின்னாடியே போகும். வத்தத்துல அதெல்லாம் திரும்ப இறங்கும்போது குறுகலான இடத்துல கொடுவா காத்துட்டு நிக்கும். தண்ணி ஓடணும். நின்ன தண்ணியில கொடுவாய்க்கு வேலை இல்லை.

வாய் மூடி இருந்தா: மூடின முதல் வாரம் பத்து நாள் உள்ள மாட்டிக்கிட்ட மீன் நல்லா எடுக்கும். அதுக்கு மேல தண்ணி சூடாகி, பச்சை பிடிச்சு, காத்து குறைஞ்சு மீன் மந்தமாயிடும். விடியக்காலையில மடவை மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதுன்னா அந்த இடத்தை விட்டுடுங்க, அன்னைக்கு அங்க எதுவும் கடிக்காது.

கிளம்பறதுக்கு முன்னாடியே பாக்கறதுக்கு ஒரு வழி இருக்கு. சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இலவசம், 5 நாளுக்கு ஒரு தடவை புதுசு வரும், 10 மீட்டர் தெளிவு. தாழங்குடா, தேவனாம்பட்டினம், சுண்ணாம்பாறு மூணையும் வரிசையாப் பாருங்க. ரெண்டு மூணு கட்டத்துக்கு மேல நீலம் கடலோட சேர்ந்திருந்தா வாய் ஓடுதுன்னு அர்த்தம். கூகுள் வரைபடத்துல இருக்கற படம் எப்பவோ எடுத்தது, அதை நம்பி வராதீங்க.

#4 புதுவை_பாறை

தாழங்குடா அண்ணன் சொன்னதோட ஓதக் கணக்கையும், அதாவது கடல் ஏத்த இறக்க நேரத்தையும், சேத்துக்கோங்க. ஏன்னா அமாவாசைன்னு தேதி முடிவு பண்ணிட்டுத்தான் கேக்கறீங்க, அங்கதான் இடிக்குது.

நம்ம கரையில அமாவாசை, பௌர்ணமி அன்னைக்கு உச்ச ஏத்தம் ஏறக்குறைய காலை 8–9, ராத்திரி 8–9. வத்தம் மதியம் 2–3. அதாவது விடியும்போது தண்ணி ஏறிட்டு இருக்கும், இறங்க ஆரம்பிக்கறப்ப வெயில் தலைக்கு மேல வந்துடும். ஆத்துக்குள்ள போகப் போக இன்னும் தாமதம். வாய் எவ்வளவு அடைச்சிருக்கோ அவ்வளவு தாமதம், 1 மணி நேரம்கூட ஆகும். ஆக, அமாவாசைக் காலையில கொடுவாய்க்காக ஆத்துப் பாலத்துக்குக் கீழ போய் நின்னா வத்தத்தைப் புடிக்க முடியாது.

ஓதம் ஒரு நாளைக்குச் சுமார் 50 நிமிஷம் தள்ளும். சதுர்த்தி, பஞ்சமிக்கு வந்தா உச்சம் நண்பகல் தாண்டி விழும், உள்ள 1–2 மணி. அதுலேருந்து இருட்டற வரைக்கும் வத்தம். சாயங்காலம் 4.30-லேருந்து 6.30, நல்ல இழுப்பு, சாய்ஞ்ச வெளிச்சம். கழிமுகக் கொடுவாய்க்கு இதை விட நல்ல நேரம் இந்த மாசத்துல இல்லை. இன்னும் தள்ளி அஷ்டமிக்குப் போனா நேரம் விடியலுக்கு வந்துடும், ஆனா ஏத்த இறக்கமே செத்துப் போயிருக்கும். நம்ம பக்கம் பெரிய ஓதத்துலயே 1 மீட்டர்தான், அஷ்டமியில அதுல பாதிகூட வராது.

கடற்கரைக்கு அமாவாசைக் காலை அருமை. இருட்டுலேருந்து 8 மணி வரைக்கும் ஏறுற தண்ணி. தேதியை ரெண்டாப் பிரிக்க முடிஞ்சா பிரிச்சுக்கோங்க.

மணியெல்லாம் தோராயம். போறதுக்கு முந்தின நாள் ஓத அட்டவணையில சரி பாத்துடுங்க.

#5 முதுநகர்_முள்

லூர்காரங்க வர்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன். பங்குனித் தண்ணி தெளிவு. தெளிஞ்ச தண்ணியில பெரிய கொடுவா பிளாஸ்டிக்கைப் பின்னாடியே வந்து பாத்துட்டுத் திரும்பிப் போகும். உயிர் இறால்தான்.

இறால் விரல் நீளம், 7–8 செ.மீ. முள் 1/0 வட்ட முள். தலைக் கொம்புக்கு அடியில, உள்ள தெரியற கருப்புப் புள்ளிக்கு முன்னாடி குறுக்கே குத்தணும். புள்ளியில பட்டா இறால் அங்கேயே செத்துடும். 30 பவுண்டு லீடர் (முள்ளுக்கு முன்னாடி வர்ற கனமான நூல்) 60 செ.மீ., ஸ்விவல் (சுழல் வளையம்), அதுக்கு மேல ஓடற ஈயம் 10-லேருந்து 20 கிராம், இழுப்பைப் பொறுத்து. ஈயம் தரையைத் தொட்டும் தொடாம நகரணும். ஒரே இடத்துல உக்காந்துட்டா நண்டு வந்து இறாலை உரிச்சுட்டுப் போயிடும், நீங்க மீன் கடிக்குதுன்னு நினைச்சு உக்காந்திருப்பீங்க.

வட்ட முள்ளுக்கு வெட்டி இழுக்கக் கூடாது. லைன் ஓட ஆரம்பிச்சதும் ராடை மீன் பக்கம் காட்டி ரீலை மட்டும் சுத்துங்க. முள் தானா வாயோரத்துல மாட்டும். பழக்க தோஷத்துல ராடைத் தூக்கினா முள் வெளியே வந்துடும், அப்புறம் முள் சரியில்லைன்னு பழி.

இறாலை உயிரோட வச்சுக்கறதுதான் வெயில் காலத்துல பெரிய வேலை. அடைச்ச வாளி வேணாம். பேட்டரி ஏரேட்டர், வாளி முக்கால் தண்ணி, அரை மணிக்கு ஒரு தடவை மூணுல ஒரு பங்கு மாத்தணும், அதே ஆத்துத் தண்ணியால. ஐஸை நேரா உள்ள போட்டா உப்பு குறைஞ்சு செத்துடும். பாட்டில்ல உறைய வச்சு அதை மிதக்க விடுங்க. செத்த இறாலைத் தனியா எடுத்துடுங்க, அது கிழங்கானுக்கு ஆகும்.

#6 புதுவை_பாறை

தெளிஞ்ச தண்ணியில லூர் எடுக்காதுன்னா லூர் போடற விதம் தப்பு. 40 பவுண்டு மோனோவைக் கட்டைக் கயிறு மாதிரி போட்டு, பட்டப்பகல்ல, தங்க நிற லூரை விடாம சுருட்டினா ஏன் எடுக்கும்?

9–11 செ.மீ. மிதக்காம மூழ்காம நிக்கற மின்னோ, வெள்ளி–பச்சை முதுகு. கலங்கல்னா மட்டும் தங்கம், கிளிப்பச்சை. ரெண்டு சுண்டு, 3 வினாடி நிறுத்து. நிறுத்தும்போதுதான் அடி விழும். அந்த 3 வினாடி பொறுமை இல்லாதவங்களுக்கு 3 அங்குல சாஃப்ட் பிளாஸ்டிக், 7–10 கிராம் ஜிக் ஹெட் (ஈயத் தலை முள்), தரையை ஒட்டி மெதுவா.

பாலத் தூண் இருக்கற இடத்துல எங்க போடறோம்ங்கறதுதான் முக்கியம். வத்தத்துல தண்ணி கடல் பக்கம் ஓடும். தூணுக்குக் கடல் பக்கம் சுழல் விழுந்து ஒரு அமைதியான நாக்கு இருக்கும். கொடுவா அதோட ஓரத்துல, தலையை மேல்நீர்ப் பக்கம் வச்சு நிக்கும். லூரை மேல்நீர்ல போட்டு, தண்ணியோட இறங்க விட்டு, தூணை ஒரு கை தூரத்துல தாண்ட வைங்க. கீழ்நீர்ல போட்டு எதிர்ல இழுத்தா இரை நடக்கற வழிக்கு நேர் எதிர், மீன் நம்பாது.

லூரோட வர்ற மூணு முனை முள்ளைக் கழட்டிட்டு 4 எக்ஸ் கனம் போடுங்க. கடையில வர்றது கொடுவா தலையை உதறினா நிமிர்ந்துடும். முள்ளோட எதிர்க்கொக்கியைக் குறட்டால நசுக்கிடுங்க. கையில ஏறினாலும் சுலபமா எடுக்கலாம், விடற மீனுக்கும் நல்லது.

#7 முதுநகர்_முள்

மேல்நீர்ல போட்டு விடறது இறாலுக்கும் அதேதான். அந்த விஷயத்துல சண்டை இல்லை 🙂

#8 விழுப்புரம்_வீச்சு

சதுர்த்திக்கு மாத்திட முடியும்னு தோணுது, பசங்ககிட்ட பேசறேன். பிரெய்டையும் லீடரையும் சேக்க எஃப்.ஜி. முடிச்சு போடறோம், ஆனா பெரிய மீன் இழுக்கும்போது உருவிக்குது. வேற முடிச்சு போடலாமா?

#9 தாழங்குடா_தெற்கு

முடிச்சு நல்ல முடிச்சுதான், கட்டற விதத்துலதான் உருவும். ரெண்டு காரணம். சுத்து விழும்போது பிரெய்டு தளர்வா இருந்திருக்கும். இல்லைன்னா கடைசியா இறுக்கும்போது உலர்ந்த லைனை இழுத்திருப்பீங்க.

பிரெய்டை விறைப்பா நிறுத்தி வச்சு லீடரை அது மேல மாத்தி மாத்தி, ஒண்ணு மேல ஒண்ணு கீழ, 20 சுத்து. ஒவ்வொரு நாலு சுத்துக்கும் விரலால நெருக்கி விடுங்க, இடைவெளி இருக்கக் கூடாது. 20 முடிஞ்சதும் லீடரையும் பிரெய்டையும் சேர்த்து ரெண்டு அரை முடிச்சு. எச்சில் வச்சு நனைச்சு, கையில துணி சுத்திக்கிட்டு லீடரையும் பிரெய்டையும் எதிரெதிரா முழு பலத்தோட இழுங்க. சுத்து விழுந்த இடத்துல பிரெய்டோட நிறம் கருத்து, லீடர்ல பள்ளம் விழுந்திருக்கணும். நிறம் மாறலைன்னா கடிக்கலை, அவுத்துட்டு மறுபடி கட்டுங்க. மாறினதுக்கு அப்புறம்தான் லீடர் நுனியை ஒட்ட நறுக்கணும். பிறகு பிரெய்டுல மட்டும் நாலஞ்சு அரை முடிச்சு போட்டுப் பூட்டணும்.

படகு ஆடும்போதோ காத்துலயோ இது முடியலைன்னா ரெட்டை யூனி போடுங்க, பிரெய்டு பக்கம் 8 சுத்து, லீடர் பக்கம் 4. பலம் கொஞ்சம் குறைவு, ஆனா உருவாது. முடிச்சு தடிப்பா இருக்கறதால ராடு வளையத்துக்குள்ள போகாம வெளியிலேயே நிக்கற மாதிரி லீடரைக் குட்டையா, 60–70 செ.மீ. வைங்க.

லீடர் 40 பவுண்டு. கொடுவா உதடு உப்புத்தாள், செவுள் மூடி ஓரம் பிளேடு. ஒவ்வொரு மீனுக்கும், ஒவ்வொரு உரசலுக்கும் பிறகு கடைசி ஒரு சாண் லீடரை நகத்தால தடவிப் பாருங்க. சொரசொரன்னு இருந்தா நறுக்கிட்டுப் புதுசா கட்டுங்க.

டிராக்கை (ரீல் லைனை விடற இறுக்கத்தை) கையால இழுத்துப் பாத்து வைக்காதீங்க, எல்லாருக்கும் கை பொய் சொல்லும். கொக்கித் தராசை லைன்ல மாட்டி, ராடை வளைச்சு இழுத்தா 2–2.5 கிலோவுல ஓடணும். 20 பவுண்டுன்னா 9 கிலோ, அதுல கால் பங்கு. தூண் பக்கம் 3 வரைக்கும் ஏத்தலாம், அதுக்கு மேல போனா முள் நிமிரும் இல்லை முடிச்சு போகும்.

#10 வெள்ளாறு_வடகரை

வாய் மூடியிருந்தால் மாற்று இடம் கேட்பீர்கள், முன்கூட்டியே சொல்கிறேன். பரங்கிப்பேட்டை வெள்ளாறு. வடக்கே உள்ள ஆறுகளைவிட ஓட்டம் நன்றாக இருக்கும். கரையோரம் நின்று போடலாம், படகுத்துறைப் பக்கம் வலை காய வைத்திருந்தால் விலகி நில்லுங்கள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தூண்டில் போடக் கூடாது.

உப்பனாற்றில் சிப்காட் ஒட்டிய பகுதியைத் தவிர்க்கவும். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடலூரைக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் வைத்தது. கோடையில் ஆற்றில் புதுத் தண்ணீர் வராது, கழிவைக் கரைத்து வெளியேற்ற ஒன்றும் இருக்காது. சேற்றில் மேயும் கெளுத்தியும் மடவையும் அதைத்தான் தின்கின்றன. விளையாட்டுக்குப் பிடித்து விட்டாலும் சரி, அங்கே பிடித்ததை உண்ண வேண்டாம்.

கொடுவா பற்றி இன்னொன்று. அது முதலில் ஆண், சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். ஏறக்குறைய 85 செ.மீ.-க்கு மேல் உள்ளதெல்லாம் பெரும்பாலும் பெண், முட்டை போடப்போகிற மீன். இழை தொடங்கியவர் சமையலுக்கு எடுத்தால் 2–3 கிலோ மீனை எடுக்கட்டும், ருசியும் அதில்தான். பெரியதை விடுங்கள். விடும்போது தாடையில் கவ்வித் தொங்க விட்டால் கழுத்தெலும்பு விலகும். ஒரு கை வயிற்றுக்கு அடியில் இருக்கட்டும். தண்ணீர் 30 டிகிரியில் இருக்கிற மாதத்தில் மீனைக் காற்றில் வைப்பது அரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது. படம் எடுப்பவர் முதலில் தயாராகட்டும், பிறகு மீனைத் தூக்குங்கள்.

#11 முதுநகர்_முள்

கடற்கரை நாளுக்குச் சொல்றேன். தேவனாம்பட்டினத்துலேருந்து வடக்கேயும், புதுவைப் பக்கம் வீராம்பட்டினம், நல்லவாடு, மூர்த்திக்குப்பம் வரைக்கும் எல்லாமே மணல் கரைதான்.

புதுசா வர்றவங்க பண்றது ஒரே தப்பு. 11 அடி ராடு இருக்குன்னு 80 மீட்டர் வீசிடுவாங்க. கிழங்கான் 20–40 மீட்டர்ல இருக்கும். அலை வெள்ளையா உடையற இடம் திட்டு. அதுக்கும் கரைக்கும் நடுவுல அலை உடையாம உருண்டு வர்ற இருண்ட பட்டை பள்ளம். பள்ளத்தோட கரைப்பக்கச் சரிவுல போடுங்க. வெளிச்சம் வந்த பிறகு 10 நிமிஷம் மேட்டுல நின்னு பாருங்க, பட்டை தெரியும். விடியறதுக்கு முன்னாடி வந்தவங்க அலைச் சத்தத்தைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும்.

அமைப்பு: அடியில ஈயம் 60–80 கிராம், கம்பி நகம் வச்சதுன்னா தென்கிழக்கு ஓட்டத்துலயும் உருளாது. அதுக்கு மேல ரெண்டு கிளை, 12 செ.மீ. நீளம், 25–30 செ.மீ. இடைவெளி. முள் 8 அல்லது 10, சின்ன அளவு. கிழங்கான் வாய் சின்னது, 1/0 போட்டு உக்காந்தா இரை காலியாகும், மீன் வராது. இறாலை உரிச்சு நகக்கண் அளவுத் துண்டு, முள் நுனி வெளியே தெரியணும். முழு இறாலைத் தொங்க விடறது விருந்து வைக்கற மாதிரி, முள்ளைத் தவிர எல்லாத்தையும் சாப்பிட்டுப் போயிடும்.

காலாவுக்கு ஒரு ராடை ஒதுக்குங்க. தென்கிழக்குக் காத்து ரெண்டு நாள் அடிச்சு கரையோரத் தண்ணி லேசா பால் கலந்தாப்புல ஆனா காலா கிட்ட வரும். 2/0 வட்ட முள், உயிர் இறால், லீடர் 1 மீட்டர்.

காத்து நேரம்: பங்குனியில விடியற வரைக்கும் மேக்கேயிருந்து கச்சான் மெலிசா வரும், அலை படுத்திருக்கும். 11 மணிக்குக் கடல்காத்து பொறக்கும். மதியம் 2-க்கு மேல பிரெய்டு வில்லு மாதிரி வளைஞ்சு கடி தெரியாது. அதனால காலை 9.30-க்கு மூட்டை கட்டிடலாம்.

#12 புதுவை_பாறை

துறைமுகப் பாறைச் சுவருக்குப் போறவங்களுக்கு: சீலா, பாறை மீன் ரெண்டும் முதல் வெளிச்சத்துல அரை மணி நேரம் கலக்கும். 20–40 கிராம் மெட்டல் ஜிக், வேகமா சுருட்டணும். சீலாவுக்கு 15 செ.மீ. கம்பி லீடர் இல்லைன்னா ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஜிக் போகும். மத்த நேரத்துல கம்பியைக் கழட்டிடுங்க, தெளிஞ்ச தண்ணியில பாறை மீனுக்குக் கம்பி கண்ணுல படும்.

கடற்கரைச் சாலைப் பாறைகள்ல இறங்காதீங்க, பாசி. பழைய துறைமுகப் பாலம் 2022 மார்ச்சுல இடிஞ்சு விழுந்த பிறகு அந்த இடிபாட்டுப் பக்கம் போடற ஈயம் திரும்ப வராது.

#13 நெறியாளர்

தடைக்காலக் கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். தமிழ்நாடு, புதுவை, காரைக்கால் எல்லாவற்றுக்கும் இதுவே. 2017 முதல்தான் 61, அதற்கு முன் 45. தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும்தான். கரையில் நின்று தூண்டில் போடுவதற்குத் தடை இல்லை. ஃபைபர் படகு எடுத்துப் போகிற எண்ணம் இருந்தால் அந்த ஆண்டு உத்தரவை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.

நீங்கள் பங்குனியில் வருவதால் இன்னொரு விஷயம். இது பங்குனி ஆமை முட்டையிட ஏறும் காலம். ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை ஏறும், 45–60 நாளில் குஞ்சு பொரியும். ஆக, இரண்டும் ஒரே நேரத்தில் கரையில் இருக்கும். விடியலுக்கு முன் கரையில் வெள்ளை ஹெட்லைட் எரிய விடாதீர்கள். ஆமை திரும்பிப் போய்விடும், குஞ்சு கடலுக்குப் பதில் வெளிச்சத்துக்கு வரும். சிவப்பு விளக்கு, அதுவும் முடிச்சுக் கட்டும்போது மட்டும். தடம் கண்டால் தோண்டிப் பார்க்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு அது. அறுந்த பிரெய்டைச் சுருட்டிக் கையோடு எடுத்து வாருங்கள்.

#14 வீராணத்து_விரால்

கடல் கலங்கிப் போய் ரெண்டு நாளும் வீணாச்சுன்னா உள்நாட்டுக்கு வாங்க 😄 இந்த மாசத்துல ஏரி வத்திக்கிட்டு வரும், விரால் ஓரத்துத் தாமரை, ஆகாயத்தாமரை விளிம்புக்கு ஒதுங்கும். ரப்பர் தவளை 5–6 செ.மீ., 10–12 கிராம், 40 பவுண்டு பிரெய்டு நேரடியா. இலை மேல இழுத்து, விளிம்புல விழ விட்டு, 2 வினாடி நிறுத்து. அடிச்சதும் வெட்டாதீங்க, "ஒண்ணு ரெண்டு" சொல்லிட்டு வெட்டுங்க. தவளை முழுசா வாய்க்குள்ள போன பிறகுதான் முள் வெளிப்படும்.

சிவப்பா குஞ்சுக் கூட்டம் மேல மேஞ்சிட்டு இருந்தா அதுக்கு அடியில தாயும் தகப்பனும் காவல் இருக்கும். தவளை எங்க விழுந்தாலும் அடிக்கும், சுலபமா மாட்டும். அதை எடுத்தா அந்தக் குஞ்சு பூராவும் போச்சு. விட்டுடுங்க.

கெண்டைக்காரங்க கவனத்துக்கு: பச்சைத் தண்ணி ஏரியில விடியக்காலை போகாதீங்க. பாசி ராத்திரி பூரா ஆக்சிஜனை எடுத்துக்கும், விடியறதுக்குச் சத்த முன்னாடிதான் ரொம்பக் குறைவு. ரோகு, கட்லா 8–9 மணிக்கு மேலதான் வாயைத் திறக்கும். விரால் மேல வந்து காத்தைக் குடிக்கறதால அதுக்கு இந்தக் கணக்கு இல்லை.

வீராணம், வெலிங்டன் மாதிரி ஏரிகள்ல மீன்பிடி உரிமை குத்தகையில இருக்கும். குத்தகைக்காரர்கிட்ட கேக்காம போட்டா ராடு போயிடும்.

#15 விழுப்புரம்_வீச்சு

ரொம்ப நன்றி எல்லாருக்கும். தேதி மாத்தியாச்சு: அமாவாசைக் காலை மூர்த்திக்குப்பம், பிறகு பஞ்சமி சாயங்காலம் சுண்ணாம்பாறு. ஏர்கன் வரலை.

ரெண்டு சந்தேகம். அலை அதிகமா இருக்குமான்னு எங்க பாக்கறது? திருக்கை, கெளுத்தி குத்தினா என்ன பண்றது? ஒருத்தர் மஞ்சள் வைக்கச் சொல்றார்.

#16 வெள்ளாறு_வடகரை

அலைக்கு இன்காய்ஸ் (தேசியக் கடல்சார் தகவல் மையம்) முன்னறிவிப்பு. உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், அலைக்காலத்தையும் பாருங்கள். 1 மீட்டர், 7–8 வினாடி என்றால் சாதாரணக் கரை அலை. அதே 1 மீட்டர் 16–18 வினாடி என்றால் தெற்குப் பெருங்கடலில் எழுந்து வரும் நெடிய அலை, கரையில் திடீரென ஏறும். சித்திரை, வைகாசியில்தான் இந்தக் கள்ளக்கடல் எச்சரிக்கை அதிகம் வரும், அன்று வானமும் காற்றும் அமைதியாகவே இருக்கும். எச்சரிக்கை இருந்தால் பாறைச் சுவரில் ஏறவே கூடாது. மணலில் நின்றாலும் ஈரத்தடத்துக்கு மேலே. அவசரத்துக்குக் கடலோரக் காவல்படை எண் 1554.

குத்துக்கு மஞ்சள் வேண்டாம். திருக்கை, கெளுத்தி இரண்டின் நஞ்சும் புரதம், சூட்டில் சிதையும். ஒடிந்த முள் மேலோட்டமாக இருந்தால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில், 43–45 டிகிரி, 30 முதல் 90 நிமிடம் ஊற வைக்க வேண்டும். வலிக்கிற காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது, வலிக்காத கையை விட்டுப் பார்த்த பிறகே காலை வையுங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்காமல் நேரே மருத்துவமனை. ஆழமான குத்து எதுவானாலும் டெட்டனஸ் ஊசி. ஒரு ஃபிளாஸ்கில் வெந்நீர் காரில் இருக்கட்டும், ஆறின தண்ணீர் கலந்துகொள்ளலாம். ஆழமில்லாத தண்ணீரில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை தானாக விலகிப் போகும்.

பேத்தை மீன் மாட்டினால் அறுத்து விடுங்கள். சமைத்தாலும் அதன் நஞ்சு போகாது.

#17 முதுநகர்_முள்

மூர்த்திக்குப்பத்துல கரைவலை இழுத்துட்டு இருந்தாங்கன்னா வலை கரை ஏறற வரைக்கும் லைனைச் சுருட்டி வச்சுடுங்க. அவங்க வளைச்சிருக்கற இடத்துக்குள்ள ஈயம் போட்டா வலையில மாட்டும், சண்டை உங்க பக்கம்தான் தப்பா முடியும். கேட்டுட்டு நின்னா எந்தப் பள்ளத்துல மீன் இருக்குன்னு அவங்களே கை காட்டுவாங்க.

ஐஸ் மீனுக்குச் சரிக்குச் சமம் எடை. 5 கிலோ மீன் எதிர்பாத்தா 5 கிலோ ஐஸ், உடைச்சது. கட்டியா போட்டா மேல மட்டும் குளிரும், வயிறு கெட்டுடும். செவுளை வெட்டி ரத்தத்தை வடிய விட்டுப் போடுங்க.

#18 விழுப்புரம்_வீச்சு

சுண்ணாம்பாறுல பாலத்து மேலேருந்து போடலாமா, கீழ இறங்கணுமா?

#19 புதுவை_பாறை

கீழ. மேல கடலூர் ரோடு, பஸ் ஒரு அடியில போகும். அதோட மேலேருந்து மாட்டின கொடுவாயைத் தூக்கவும் முடியாது, லீடர் தூண்ல உரசி அறுந்துடும். நோணாங்குப்பம் பக்கம் கரையில இறங்கி, படகுக் குழாம் வழித்தடத்தை விட்டுத் தள்ளி நில்லுங்க. கரையில சிப்பி ஓடு கிடக்கும், செருப்பு வேணாம், கனமான அடி வச்ச ஷூ. போனதும் ஒரு குச்சியைத் தண்ணி ஓரத்துல நட்டு கோடு போடுங்க. 10 நிமிஷத்துல கோடு காஞ்சிருந்தா வத்தம் தொடங்கிடுச்சு, லூரைக் கட்டுங்க.